மரப்பு விடுவதற்குள்

மெட்டி கழலவில்லை. கால் அப்படி வீங்கியிருந்தது. சென்னியம்மாள் மகளின் கால்விரலில் தேங்காயெண்ணெயைத் தடவித் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு சிசேரியன். உடம்பில் குண்டுமணி நகைகூட இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"அப்பா இன்னும் வரலையாம்மா?" என்றாள் தனப்பிரியா.

"ஜலகண்டாபுரத்துல பஸ் ஏறிட்டாராம். வந்துருவாரு சாமி."

பொய். சென்னியம்மாளின் புருஷன் பொன்னன் விடிகாலை ஐந்தரைக்குத் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவேயில்லை. மருமகன் கதிர்வேல் சேதியைச் சொன்னதும் ஆஸ்பத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். வேறென்ன செய்வது? பிரஷர் நூற்றெழுபதில் நிற்கிறது. இன்னும் ஏறினால் தாய்க்கு வலிப்பு வரும், பிள்ளையும் தங்காது என்று டாக்டரம்மா நேற்றே எச்சரித்திருந்தார்.

இனி செல்போன்தான் எமன். சாவு விழுந்தால் பந்தல் போடுமுன் ஸ்டேட்டஸ் போடுகிற ஊர் அது. கொழுந்தனார் மகன் மாதேஷ், பொன்னன் படத்துக்கு மாலை போட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆறு மணிக்கே போட்டுவிட்டான். கதிர்வேல் போனில் சத்தம் போட்ட பிறகுதான் அதை அழித்தானாம்.

"போனைக் குடு சாமி. உள்ள கொண்டு போகக் கூடாதாமா."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத் தர்றேன்."

சென்னியம்மாளின் கை அப்படியே நின்றது. "பஸ் எரைச்சல்ல அவருக்கு எங்க காதுல உழுகும்?"

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள். மெட்டியும் கழன்று வந்துவிட்டது.

தியேட்டர் கதவு மூடியது. கதிர்வேல் தயங்கித் தயங்கி வந்தான். "ஊட்டுல கேக்கறாங்கத்தை. மாமாவை எப்ப எடுக்கறதுன்னு."

"நான் வராம எடுக்கப்படாதுன்னு சொல்லுங்க மாப்ள."

புருஷன் அங்கே கிடக்க, தான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதவிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. இன்னொன்றும் போய்விட்டால்?

முக்கால் மணி நேரம் ஆயிற்று. "பொம்பளப் புள்ளதாங்க. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்று நர்ஸ் துணிச்சுருளை நீட்டினாள். சாவுத் தீட்டோடு எப்படித் தொடுவது என்று கை ஒரு கணம் பின்வாங்கியது. தீட்டாவது ஒன்றாவது. வாங்கிக்கொண்டாள்.

தனப்பிரியாவைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தவள், அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஊட்டுக்குக் கெளம்பும்மா. அப்பா கெடப்பாரு."

சென்னியம்மாள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஆரு சொன்னா?"

"காத்தாலயே மாதேஷ் ஸ்டேட்டஸப் பாத்துட்டேன். அப்பாவக் கேக்காம இருந்தா உனக்குச் சந்தேகம் வந்துருமேன்னுதான் கேட்டேன். நான் அழுதா பிரஷர் ஏறும். நீயும் ஒடைஞ்சு போயிருவ."

"இப்பவும் அழுவாத சாமி. தையல் புடுங்கும்."

"முதுகுல போட்ட ஊசில இன்னும் மரத்துத்தாம்மா கெடக்குது. மரப்பு உடறதுக்குள்ள அழுதுக்கறேன்."

சென்னியம்மாள் குழந்தையைக் கதிர்வேலிடம் கொடுத்தாள். மகளின் வயிற்றுக் கட்டின் மேல், குலுங்காமல் இருக்க, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.