முருகையாவுக்குக் கிடைத்த வீடு

முன்பெல்லாம் பத்து வருசத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் இப்போது வருசா வருசம் வருகிறது. இந்தத் தடவை மலேசியாவின் ஈஜோக் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இடுப்பளவு தண்ணீர். பக்கவாதத்தில் கால் விழுந்துபோன சின்னத்தாயை முதுகில் சுமந்து பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் யூனுஸ். கட்டின புருசன் முருகையா குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார், பெரிய துரை மாதிரி!

யூனுஸ் ரொஹிங்யாக்காரன். பர்மாவில் ஊரையே கொளுத்திவிட்டார்கள் என்று ஓடி வந்தவன். இரண்டு வருசமாக முருகையாவின் கோழிக்கொட்டகையை ஒட்டிப் பலகை அடித்துக் குடியிருந்தான். பகலில் செம்பனைக் குலை வெட்டுவான். காலையும் மாலையும் சின்னத்தாயைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவான். அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

மண்டப வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த திவாகரனும் லயத்தில் பிறந்தவன்தான். பக்கத்தில் குடிநுழைவு இலாகா அதிகாரிகள் இரண்டு பேர்.

"மாமா, லயத்த இடிக்கப் போறாங்க. இந்தப் பட்டியல்ல இருக்கவங்களுக்குத்தான் அரசாங்க வீடு. வெளிநாட்டு ஆளக் குடி வச்சிருந்தா பேரு கேன்சல் லா." பேனாவால் யூனுஸைக் காட்டினான். "இவன் யாரு, ஒங்க ஆளா?"

வீடு! நாற்பது வருசம் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோன வீடு. முருகையா குடையை மடக்கிக்கொண்டு யூனுஸைவிட்டு ஓரடி தள்ளி நின்றார். சின்னத்தாய் இன்னும் யூனுஸின் முதுகில்தான் இருந்தாள்.

"யாருன்னே தெரியாது தம்பி. வழியில வந்து ஒட்டிக்கிட்டான்."

யூனுஸுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அவளை மெதுவாக நாற்காலியில் இறக்கினான். "எடது காலு வலிக்கும், பாத்துத் தூக்குங்க," என்று முருகையாவிடம் சொன்னான். அதிகாரிகள் அவனை லோரியில் ஏற்றினார்கள்.

"நம்ம புள்ளய்யா அவன்! சொல்லுய்யா!" என்று கத்தினாள் சின்னத்தாய்.

"இவளுக்கு மூளையும் கொஞ்சம் கலங்கிப்போச்சி," என்று திவாகரனிடம் சொன்னார் அந்தப் பாவி மனுசன்.

எட்டு மாதத்தில் வீடு கிடைத்தது. புக்கிட் பெலிம்பிங்கில் அடுக்குமாடி, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "அங்க வெள்ளமே வராது மாமா," என்று சாவியை நீட்டினான் திவாகரன்.

முருகையா தூக்கிப் பார்த்தார். இரண்டாம் படியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து, மூச்சு வாங்க வாங்க, அவளை மேலே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

எட்டு மாதமாகப் புருசனிடம் பேசாதவள் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"நல்லாப் பாத்துக்கய்யா. இனிமே நாலு பேரு தூக்கறப்பதான் நான் கீழ எறங்குவேன். அவன் ஒத்த ஆளாத் தூக்குனான்."