டெஸ்ட் பேஜ் வந்துச்சா மேடம்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், டிஸ்சார்ஜ் கவுண்டர் மேடத்துக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எந்த டாக்டர் எப்போது கையெழுத்துப் போடுவார், எந்த வார்டு நர்ஸிடம் குழைய வேண்டும், யாரை அதட்ட வேண்டும், எல்லாம் அத்துப்படி. கம்ப்யூட்டரும் தெரியும் என்றுதான் பேர். உண்மையில் தெரிந்தது மூன்று பொத்தான்கள். பேஷண்ட் பெயரைத் தேடுவதற்கு ஒன்று, தாளைத் திறப்பதற்கு ஒன்று, பிரிண்ட் கொடுப்பதற்கு ஒன்று. அவற்றை அவர் அமுக்குகிற தோரணையைப் பார்த்தால் கம்ப்யூட்டரையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும்.

அன்று முன்பகலில் மூன்றாவது பொத்தான் காலை வாரிவிட்டது. அமுக்கினால் தாள் வரவில்லை. டிஸ்சார்ஜ் தாள் இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. என்ன நோய், என்ன வைத்தியம், என்னென்ன மாத்திரை என்று எல்லாம் அதில்தான் இருக்கும். கவுண்டர் முன்னால் வரிசை நீண்டது. தோளில் பையும் கையில் எக்ஸ்ரே உறையுமாக நின்ற ஒருவர், "சிஸ்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூப்பிடுங்களேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மேடத்துக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் என்று குரலே சொன்னது.

"பிரிண்டர்ல லைட் எரியுதா மேடம்?"

"எரியுது."

பிரிண்டர் மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அதன் ஒரு மூலைதான் தெரியும். எரியாமல் எங்கே போகும் என்று மேடமே முடிவு செய்துகொண்டார்.

"பின்னாடி நெட்வொர்க் கேபிள் நல்லா சொருகியிருக்கா? லேசா அழுத்திப் பாருங்களேன்."

எந்தக் கேபிள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வரிசை முழுவதும் கேட்டுவிடும். மேடம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். எழுந்து போய், குனிந்து, அழுத்திவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்த இடத்திலேயே சும்மா இருந்தார். பிறகு, "அழுத்திட்டேம்மா. டைட்டாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப அட்ரஸ் மாறியிருக்கும் போல. மெஷின்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் மேடம், நடுநடுவுல புள்ளி வச்சு ஒரு நம்பர். அதப் படிச்சுச் சொல்றீங்களா?"

இதற்கு எழுந்தே ஆக வேண்டும். ஆனால் மெஷினின் ஸ்டிக்கர் சுவரைப் பார்த்த பக்கம் இருந்தது. அத்தனை பேர் காத்திருக்க அதை மல்லுக்கட்டி இழுப்பதா? பக்கத்துக் கதவைத் திறந்தால் உறவினர்கள் காத்திருக்கும் ஹால். அங்கேயும் ஒரு பிரிண்டர் உண்டு. அதே கம்பெனி, அதே சாம்பல் நிறம், ஸ்டிக்கரும் முன்பக்கமே இருந்தது. ஒரே மாதிரி மெஷினென்றால் ஒரே நம்பர்தானே இருக்கும், மிக்ஸிக்கு அடியில் போட்டிருப்பார்களே அந்த மாதிரி என்று மேடம் நினைத்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து படித்தார்.

அந்தப் பெண் தன் இடத்திலிருந்தே எதையோ தட்டினாள்.

"மாத்திட்டேன். ஒரு டெஸ்ட் பேஜ் அனுப்பறேன். வந்துச்சா மேடம்?"

தடுப்புக்குப் பின்னால் கப்சிப் என்று இருந்தது.

"வந்துச்சா மேடம்?"

எக்ஸ்ரே உறைக்காரர் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள். இன்னும் ஒரு கேள்வி வந்தால் மானமே போய்விடும் போலிருந்தது.

"வந்துடுச்சும்மா."

"ஒரு எட்டு நேர்ல வந்து பாத்துடட்டுமா?"

"எதுக்கும்மா அலையற? அதான் வந்துடுச்சே."

மெஷின் சூடாகி, மெதுவாகத் தாள் தரும் என்று மேடம் நிஜமாகவே நம்பினார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிண்ட் கொடுத்தார். வராததற்கு மறுபடி கொடுத்தார். "உக்காருங்க, இப்ப வந்துரும்" என்று எல்லாரையும் ஹாலுக்கே அனுப்பிவைத்தார்.

வரத்தான் செய்தது, ஹாலில். அங்கே உதவி மேஜை காலியாக இருந்தது. ஆளில்லாத மெஷின் தாள் தாளாகத் துப்பித் தரையெல்லாம் பரப்பியது. புழுக்கம் தாங்காமல் ஆளுக்கொரு தாளை எடுத்து விசிற ஆரம்பித்தார்கள். விசிறி அலுத்தவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மகன், முன்பின் தெரியாத ஒருவர் கையில் தன் அப்பாவின் பெயர் ஆடுவதைப் பார்த்துவிட்டான். வீட்டில் மருமகளுக்குக்கூட வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்த மனிதர் அவர். அவருடைய சிறுநீர்ப்பையின் கதை ஹால் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

ஐ.டி. பெண் படியிறங்கி ஓடி வந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை. ஹால் மெஷினின் ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய்க் கேபிளை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள். அது 'டக்' என்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டரில் பழைய நம்பரையே திரும்பப் போட்டாள். மேடத்தின் பக்கம் திரும்பினாள். மேடம் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் நிர்வாக அதிகாரி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் மேடத்துக்கும் பல வருஷப் பழக்கம். மேடத்துக்கு நாற்காலி கிடைத்தது. அந்தப் பெண் நின்றாள்.

"டெஸ்ட் பேஜ் வந்துச்சான்னு பாக்கவே இல்லையாம்மா நீ?"

"அனுப்பினேன் சார். வந்துடுச்சுன்னு மேடம் சொன்னாங்க."

"சொன்னீங்களா மேடம்?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் மேடத்துக்குத் தன் கவுண்டர், தன் பேர், நாளைக்கு ஐ.டி. பிரிவில் தன்னைப் பற்றிச் சிரிக்கப் போகிறவர்கள் எல்லாம் கண்முன் வந்தார்கள்.

"ஒரே கூட்டம் சார். என்னென்னமோ கேட்டுச்சு இந்தப் பொண்ணு. டெஸ்ட் பேஜுன்னு எதுவும் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல."

அந்தப் பெண் மேடத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இப்படியும் ஒருத்தர் சொல்வாரா என்பது போலப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, "நான் நேர்ல வந்து பாத்திருக்கணும் சார்" என்றாள்.

"அடுத்த வாரம் உன்னோட வேலைய நிரந்தரமாக்கற கன்ஃபர்மேஷன் ஆர்டர் கையெழுத்துக்கு வருது. நான் எப்படிம்மா போடுவேன்? போ, பாக்கலாம்."

வீட்டில் மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகள் விடவில்லை, என்ன என்ன என்று துளைத்தாள். அவளும் இப்போதுதான் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லடி. எங்க ஐ.டி.ல ஒரு பொண்ணு பிரிண்டரை தப்பா மாத்திவிட்டுட்டா. பெரிய ரகளை ஆயிடுச்சு."

"அவ தப்பா மாத்தியிருக்க மாட்டாம்மா. யாரோ அவகிட்ட தப்பாச் சொல்லியிருப்பாங்க. எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். பெரியவங்க கையைக் கழுவிட்டுப் போயிருவாங்க, கடைசில எங்க தலைல விடியும்."

போன மாதம் மகளுக்கு அப்படி நடந்தபோது, பழி போட்டவளைத் திட்டித் தீர்த்தது இதே மேடம்தான். அவள் நல்லாவே இருக்க மாட்டாள் என்று சாபம்கூட விட்டார். இப்போது அது நினைவுக்கு வந்தது. மகள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவினார்.

காலையில் கவுண்டரைத் திறக்கும் முன்பே நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"சார், நேத்து நான் சொன்னது பொய். டெஸ்ட் பேஜ் வந்துச்சான்னு அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டா. நான்தான் வந்துடுச்சுன்னேன். கேபிளையும் நான் பாக்கல. நம்பரும் ஹால் மெஷினோடது."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ராத்திரி பூரா தூங்கலையா? சின்னப் பொண்ணு பொழப்பு போயிருமேன்னு பழிய உங்க தலைல போட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்க. எனக்கு உங்களத் தெரியாதா மேடம்? இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்ல சார், நெஜமாத்தான்—"

"போதும், போதும். உங்க முகத்துக்காக அந்த ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். சந்தோஷமா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி மேடம் நின்றார். பொய் சொன்னபோது அதிகாரி ஒரே வார்த்தையில் நம்பினார். உண்மையைச் சொன்னால் பாராட்டுகிறார். இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆர்டர்தான் கிடைக்கப் போகிறதே என்று மனசு தப்பிக்க ஒரு சந்து காட்டியது. மேடம் அந்தச் சந்து வழியாகவே வெளியே வந்தார்.

மத்தியானம் அந்தப் பெண் கவுண்டருக்கு வந்தாள்.

"சார் உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு வரச் சொன்னாரு மேடம். நீங்கதான் எனக்காகப் பேசினீங்களாம்."

குரலில் கேலி இல்லை. சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். நன்றியை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் மேடம் எழுந்து நின்றார். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"நான் சாருகிட்ட உண்மையைத்தாம்மா சொன்னேன். அவரு நம்பல. நீ டெஸ்ட் பேஜ் கேட்ட. நான்தான் பொய் சொன்னேன், போன்லயும், அப்புறம் சாருகிட்டயும். என்னை மன்னிச்சுரும்மா."

"விடுங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "யூசர் சொல்றத அப்படியே நம்பாதீங்கன்னு எங்களுக்கு மொதல் நாளே சொல்லிக்குடுத்தாங்க. நான்தான் நம்பிட்டேன்."

அந்தப் பெண் கிளம்பத் திரும்பியவள் நின்றாள்.

"இப்ப பிரிண்ட் ஒழுங்கா வருதா மேடம்?"

"வருதும்மா. காலைலேருந்து நல்லா வருது" என்றார் மேடம். அது உண்மைதான்.

"சரி மேடம்" என்றாள். சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய், தானே பார்த்துவிட்டுத்தான் போனாள்.