கொடியின் உச்சியிலிருந்து அரை மீட்டர்

அத்தான் மெட்டல் டிடெக்டர் விற்கிறார். சரியாகச் சொன்னால், ஆழத்தை விற்கிறார். கூடவே ஒரு மெஷினும் கொடுக்கிறார்.

கடைக்குப் பின்னால் ஒரு மண் திடல் உண்டு. அதில் செப்புக் காசு, பித்தளைக் குழாய்த் துண்டு, பழைய பூட்டு என்று வரிசையாகப் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கொடி ஒன்று நட்டிருக்கிறார். கொடியில் ஆழம் எழுதியிருக்கும். வாடிக்கையாளர் மெஷினை ஆட்டிக்கொண்டே போவார். "அரை மீட்டர்" என்று எழுதிய இடத்தில் அது வீறிட்டுக் கத்தும். அவர் முகத்தில் அப்போதே பாதிப் புதையல் கிடைத்துவிட்ட களை வந்துவிடும்.

ஆழத்தை அத்தான் கொடியின் உச்சியிலிருந்து அளக்கிறார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது.

"இதுல என்ன பொய் இருக்கு மாப்ள? எங்கேருந்து அளக்கணும்னு எவனாவது சட்டம் போட்டிருக்கானா?" என்பார் அத்தான். நான் அவருடைய மச்சினன். கடையில் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் கிடையாது.

ஒரு நாள் காலையில் புதையல் தேடுவோர் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். சங்கத்துக்கே மொத்தமாக மெஷின் வாங்குவதாக உத்தேசம். செயலாளர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளக்கும் டேப் வைத்திருந்தார். அப்போதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

"உங்க கொடியெல்லாம் வேணாம் சார். நாங்களே புதைக்கிறோம், நீங்க கண்டுபிடிங்க. நீங்க சொன்ன அதே அரை மீட்டர்," என்றார்.

"தாராளமா!" என்றார் அத்தான். வாய் எப்போதும் அவரை முந்திக்கொள்ளும்.

"சின்னதா ஒரு தங்கம் வேணுமே."

சங்கத்தில் ஒருவரிடமும் பொட்டுத் தங்கம் இல்லை. புதையல் தேடுகிறவர்களிடம் அது சகஜம்தான். கடை மாடியில்தான் எங்கள் வீடு. அத்தான் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போய் அக்காவின் கல்யாண மோதிரத்தோடு இறங்கி வந்தார். அக்கா நர்ஸ். டியூட்டிக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் கை கழுவிவிட்டு முதல் காரியமாக அதைப் போட்டுக்கொள்வாள். அதற்கப்புறம்தான் மற்ற மனிதர்கள் அவள் கண்ணில் படுவார்கள்.

"அத்தான், அக்கா மத்தியானம் வந்துருவா," என்றேன்.

"அஞ்சே நிமிஷம் மாப்ள. பயப்படாத."

எங்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பினால் கொடிகளையெல்லாம் பிடுங்கி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். எங்களை ஏமாற்ற வேண்டுமென்று இன்னும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வெட்டி மூடி, திடல் முழுக்க மிதித்துச் சமமாக்கியிருந்தார்கள்.

"தரையிலேருந்து அரை மீட்டர். ரெண்டு தடவை அளந்துட்டேன்," என்றார் செயலாளர். அத்தான் முகம் லேசாக வெளுத்தது. தரையிலிருந்து அளப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

முதலில் நன்றாக விற்கும் மெஷின். மூன்று முறை திடலைச் சுற்றி வந்தும் வாயே திறக்கவில்லை. அடிமுனையில் இருக்கும் வட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டு மாட்டியும் பார்த்தோம். மேலாக இருந்த பழைய காசுகளுக்கு மட்டும் கத்தியது. அடுத்து விலை உயர்ந்தது. அதற்கு ஆழம் கொஞ்சம் கூடுதல், ஆனால் இரும்பென்றும் தங்கமென்றும் பேதம் பார்க்காது. ஆணி, சோடா மூடி, குடைக்கம்பி என்று எல்லாவற்றுக்கும் ஒரே உற்சாகமாகக் கத்தியது. அத்தான் ஒவ்வொரு கத்தலுக்கும் தோண்டினார்.

கடைசியாக, நீளக் கம்பின் இரண்டு முனையிலும் பெட்டி வைத்த மெஷின். ஆள் உயர ஆழம் வரை பார்க்கும். ஆனால் குடம் அளவுக்குக் குறைந்த எதையும் பொருட்படுத்தாது. அது ஒரு பெயிண்ட் டின்னைக் காட்டிக் கொடுத்தது.

"மோதிரத்தை அந்த டின்னுக்குள்ள போட்டிருந்தா காட்டியிருக்கும்," என்றார் அத்தான்.

"காட்டியிருக்கும் சார். டின்னை," என்றார் செயலாளர்.

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. திடல் அம்மை வார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

"சார், இடத்தை நானே காட்டிடறேன். ஆனா மெஷின் அவ்வளவு ஆழம் போகாதுன்னு உங்க வாயால சொல்லணும்," என்றார் செயலாளர்.

"சொல்லிடுங்க அத்தான்," என்றேன்.

"சொன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்டா!"

"சொல்லலேன்னா அக்கா வந்து மூடுவா."

தெருமுனையில் அக்காவின் ஸ்கூட்டர் மாதிரியே ஒரு சத்தம் கேட்டது. அத்தான் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"மோதிரம்னா ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒன்றரைச் சாண். ஈர மண்ணு, கருமண்ணுன்னா அதுவும் கிடையாது. போதுமா?"

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்."

"ஒரு சாண்! ஒரே ஒரு சாண்!" என்று அத்தான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பக்கத்துக் கடை ஷட்டர் பாதி திறந்து மூடியது.

செயலாளர் நிதானமாக நடந்துபோய் மூலையில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. அத்தான் ஒரு குடைக்கம்பிக்காக ஆழமாக வெட்டியது. செயலாளரே உள்ளே இறங்கி இடுப்பளவு தோண்டினார். மோதிரம் இல்லை. முதல் தடவையாக அவருக்கும் வியர்த்தது.

"இங்கதானே சார் வச்சேன்..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து எல்லோரும் குழிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். வெளியே வாரிப்போட்ட மண்ணை யாரும் சீண்டவில்லை. ஷோகேஸில் தூசி படிந்து கிடந்த குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் மெஷினை எடுத்துவந்து மண்மேட்டின் மேல் காட்டினேன். முதல் வீச்சிலேயே கீச்சென்றது. இரண்டு விரற்கடை ஆழத்தில் மோதிரம்.

அத்தான் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா பின்வாசலில் நின்றாள்.

"என்ன இது, எருமை புகுந்த மாதிரி? கையில என்ன, என் மோதிரமா?"

"சும்மா ஒரு டெமோம்மா."

"புதைச்சீங்களா? எவ்வளவு ஆழத்துல எடுத்தீங்க?"

"ரெண்டு விரல்."

அத்தான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஆழத்தைப் பற்றி யாரும் வற்புறுத்தாமல் சொன்ன முதல் உண்மை அது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை மண். பிறகு, குழிக்குள் இடுப்பளவுக்கு நின்ற செயலாளரைப் பார்த்தாள்.

"சத்தியமா ரெண்டே விரல்தாம்மா. நான் பாத்தேன்," என்றார் செயலாளர்.

"இவருக்கு என்ன குடுத்து இப்படிச் சொல்ல வச்சீங்க?" என்று அத்தானைக் கேட்டாள் அக்கா. மோதிரத்தைப் பிடுங்கி, குழாயடியில் கழுவி, விரலில் போட்டுக்கொண்டாள். "எல்லாக் குழியையும் மூடிட்டு மேல வாங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சோறு கிடையாது."

நாங்கள் மூட ஆரம்பித்தோம். சங்கத்தார் நாலு பேரும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டில் சோறு போடுவதாக யாரும் சொல்லவில்லை. அக்கா சொன்ன தொனி அப்படி.