பெயர் போடாத ஜெபக்குறிப்பு

சௌரிராஜன் வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடப்பதைப் பார்த்த பிறகுதான், தான் செய்துவைத்த காரியம் ஏசுவடியானுக்கு உறைத்தது. கையில் ஒரு பை சாத்துக்குடி. ஏழு ஜோடியும் யார் யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஓரமாகக் கிடந்த பழுப்பு நிறச் செருப்பு, ஆண்கள் ஐக்கியத்தின் தலைவர் வெள்ளைத்துரையுடையது. அவர் ஓய்வுபெற்ற ஏட்டு. காவல் துறை அவரை விட்டாலும் அவர் குரலை விடவில்லை. அந்தக் குரல் இப்போது கூடத்துக்குள்ளிருந்து தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று ஏசுவடியான் யோசித்தார். இரண்டடி பின்னால்கூட வைத்தார். சாத்துக்குடி கனத்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது என்று நினைத்து, எட்டாவது ஜோடியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நடந்தது இதுதான். ஆனையூரில் இருந்த அந்தச் சின்னச் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் பந்தலுக்குக் கம்பு நடுவதும் நாற்காலி இறக்குவதும் அவர்கள்தான். வீட்டுக்காரர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று கேட்பதில்லை. மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும் சாக்கடையை முனிசிபாலிட்டிக்காரர்களுக்கு முன்னால் இவர்கள் குத்திவிட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு, நோயாளிகள் வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருவார்கள். யார் யார் வீட்டுக்கு என்பதை ஜெபக்குறிப்பு நோட்டு சொல்லும். அந்த நோட்டை எழுதுகிற செயலாளர் ஏசுவடியான்.

அவரை விட்டால் அதற்கு வேறு ஆள் கிடையாது. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆனையூரின் எல்லா வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னாலும் நிற்பார். மீட்டர் ஓடுவதைக் குறிக்கிற நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது என்பதும் காதில் விழும். அட்டையில் எழுதுவதை வாரியத்துக்குக் கொடுப்பார், மற்றதைக் கர்த்தருக்குக் கொடுப்பார். தன்னைப் பற்றி அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

போன புதன்கிழமை சௌரிராஜன் வீட்டில் ரீடிங் எடுத்தபோது, சௌரிராஜன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கீழவாசலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதர், அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவரே இல்லை. பதினாறு வருடமாக இரண்டு பேரும் காலையில் சேர்ந்து நடக்கிறவர்கள். என்னண்ணே என்று கேட்டதும் சொல்லிவிட்டார். நெஞ்சில் மூன்று அடைப்பு, ஆப்பரேஷன் பண்ண வேண்டும் என்கிறார்கள். மூத்தவள் ரம்யாஸ்ரீக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். மனைவி ரங்கநாயகிக்கு இன்னும் தெரியாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நான் ஏண்ணே சொல்றேன் என்றார் ஏசுவடியான். மனதாரத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபமும் பண்ணினார். ஆனால் எழுந்தபோது திருப்தியாக இல்லை. தன்னுடைய ஜெபத்தின் எடை அவருக்குத் தெரியும். ஒரு அடைப்பு என்றால்கூடச் சமாளிக்கலாம், மூன்றுக்கு எட்டாது என்று தோன்றியது. இருபத்திரண்டு பேர் சேர்ந்து கேட்டால் வேறு. அதனால் நோட்டை எடுத்தார். வாக்குக் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் இல்லாமல் எழுதினால் கர்த்தருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒரு கவலை வந்தது. பத்தொன்பது வருடமாக வீட்டு எண்ணை எழுதியே பழகிய கை, தானாக எழுதிவிட்டது: மேட்டுத்தெரு, 14/3, சகோதரர் ஒருவர், இருதயத்தில் மூன்று அடைப்பு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை நோட்டைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் நாலு வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டார். மூன்றாவது வீட்டோடு பழம் தீர்ந்துபோனது. நீங்க நடந்துக்கிட்டே இருங்க, நான் வாங்கிட்டு வாரேன் என்று கடைக்குப் போனவர் ஏசுவடியானேதான். நாலாவது வீடு எது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது தெருமுனையில் வெள்ளைத்துரை குரல் கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

கூடத்தில் ஏழு பேரும் நின்று கண்ணை மூடியிருந்தார்கள். அடைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கும்படி வெள்ளைத்துரை கேட்டுக்கொண்டிருந்தார். முதல் அடைப்பு முடிந்து இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் ரங்கநாயகி காப்பித் தட்டோடு நின்றாள். கல்யாணச் சேதி கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காப்பி போட்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ரம்யாஸ்ரீ. சௌரிராஜன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். ரங்கநாயகி தன் வீட்டுக்காரரைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். சௌரிராஜன் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். எட்டுப் பேருக்கும் சௌராஷ்டிரம் தெரியாது. எட்டுப் பேருக்கும் புரிந்துவிட்டது. அவள் தட்டைக் கீழே போடவில்லை, அழவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் டம்ளரைக் கையில் கொடுத்தாள். ஏசுவடியானிடம் வந்தபோது அவர் கையில் பை இருந்ததால், அதை வாங்கி வைத்துவிட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பி மாதிரி ஒரு காப்பியை அவர் அதற்கப்புறம் குடிக்கவில்லை. சூடு இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சௌரிராஜன் ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சௌரிராஜன் நடக்க வரவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று ஏசுவடியான் நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமை, பால் வாங்கப் போன இடத்தில் எதிரே வந்த சௌரிராஜன் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போனார். அதற்கு டாக்டர் காரணம் இல்லை.

நான் பண்ணுனது தப்பா என்று ஏசுவடியான் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். வெள்ளைத்துரை, ஜெபிப்போம் என்றார். ஐக்கியத்தில் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில், கூரை ஒழுகுகிறது என்று சொன்னாலும் அதுதான். போதகர் ஐயா கையைப் பிடித்துக்கொண்டு, சகலமும் நன்மைக்கே என்றார். அதில் தப்பும் அடக்கமா என்று ஏசுவடியான் கேட்க நினைத்து விட்டுவிட்டார். மனைவி சுகிர்தம் தோசையைத் திருப்பிக்கொண்டே, நான் என்னத்தச் சொல்ல என்றாள். அவள் மற்ற நாளில் எம்புட்டோ சொல்கிறவள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஏசுவடியான் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது, ரங்கநாயகிதான் கொண்டுவந்து கொடுத்தாள். பந்தியில் சௌரிராஜன் எல்லோர் இலைக்கும் முன்னால் வந்து நின்று விசாரித்தார். ஏசுவடியான் இலைக்கு முன்னால் வந்தபோது, இவருக்குப் பாயசம் வைங்க என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த வாரம் ஆப்பரேஷன். ஆறு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சௌரிராஜனின் சொந்தக்காரர்களில் இரண்டு பேருக்குத்தான் ஒத்துப்போனது. ஐக்கியத்தில் யாருக்கு என்ன குரூப் என்று ஒரு பட்டியல் எப்போதும் உண்டு. வெள்ளைத்துரை நாலு பேரை வேனில் ஏற்றிவிட்டார். ஏசுவடியானை யாரும் கூப்பிடவில்லை, அவரே ஏறிக்கொண்டார். ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை. நர்ஸ் பிரஷர் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு சர்க்கரையும் பார்த்துவிட்டு, ஐயா நீங்க முதல்ல ஒரு டாக்டரப் பாருங்க என்றாள். தன் ரத்தம்கூட வேண்டாம் என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நொந்துகொண்டே மற்ற நாலு பேருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் படுத்திருந்த நேரத்தில் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். ரங்கநாயகி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் கேட்டார். அவர் பொழைச்சு வரட்டும் தம்பி என்றாள்.

பிழைத்து வந்தார்.

அதற்கப்புறம்தான் சிக்கல் பெரிதானது. வெள்ளைத்துரை இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நாகமலை புதுக்கோட்டையில் நடந்த ஐக்கியக் கூட்டத்தில் சொன்னபோது, ஏசுவடியான் அந்த வீட்டு எண்ணைத் தானாக எழுதவில்லை, கை எழுத வைக்கப்பட்டது என்று ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் அதுவும் வளர்ந்தது. கல்யாணத்தைக் காரணம் காட்டி ஆப்பரேஷனே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த மனிதரை, எட்டுப் பேர் போய் நின்ற ஒரு ஜெபம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டதாம். ஐப்பசியில் ஆண்கள் ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஆராதனை முழுவதையும் ஆண்களே நடத்துவார்கள். கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்வதற்கு ஏசுவடியான் பெயரை எழுதிவிட்டார்கள்.

ஏசுவடியான் முதலில் வேண்டாம் என்றார். ஆனால் கேட்கக் கேட்க அந்தக் கதை அவருக்கும் பிடித்துப்போனது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். 'பலவீனமான இந்தப் பாத்திரத்தை' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுகிர்தம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதைச் சௌரிராஜன் அண்ணன் கேட்டா என்ன சொல்லுவாரு என்றாள். அவ்வளவுதான். கண்ணாடியில் இருந்த ஆள் சப்பென்று ஆகிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மேட்டுத்தெருவுக்குப் போனார். பழம் வாங்கவில்லை. சௌரிராஜன் கூடத்தில் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தால் தையல் வலிக்காமல் இருக்க அப்படிப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மனிதர் பாதியாக இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஏசுவடியான் எதிரே உட்கார்ந்தார். நாளைக்குச் சபையில் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்ன மாதிரி சொல்லச் சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். கண்ணாடி முன்னால் நின்றதைக்கூடச் சொன்னார். சௌரிராஜன் சிரிக்கப் போய், வலித்து, தலையணையை அழுத்திக்கொண்டார்.

"சிரிக்க வைக்காத" என்றார்.

"நான் சிரிக்கச் சொல்லலைண்ணே. இம்புட்டு நாளும் ஊர் பூராம் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க. என்னால நல்லது நடந்துச்சா, கெட்டது நடந்துச்சா?"

சௌரிராஜன் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே ரங்கநாயகி தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"கெட்டதுதான். நல்லதுன்னு ஒண்ணும் நடக்கல. ஆப்பரேஷன் தேதி நீங்க எல்லாரும் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வாங்கிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரம். அதே தேதியிலதான் நடந்துச்சு. உங்க ஜெபத்துல ஒரு நாள் முன்னப் பின்ன ஆகல."

நாளைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது ஏசுவடியானுக்கே தெரிந்தது.

"திங்கக்கிழமை அழகர்கோயிலுக்குப் போவம்னு இவகிட்டச் சொல்லியிருந்தேன். நாங்க ரெண்டு பேரு மட்டும். அங்க வச்சுச் சொல்லலாம்னு. முப்பது வருசத்துல இவளை உக்கார வச்சு நான் சொல்ல வேண்டியிருந்த சேதி அது ஒண்ணுதான். அதை எப்பிடி ஆரம்பிக்கணும்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏட்டு வந்து என் கூடத்துல நின்னு கத்திட்டுப் போயிட்டாரு. இவ கையில காப்பித் தட்டு. அதைத்தான் நீ எடுத்துட்ட."

ரங்கநாயகி இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போனாள்.

நாலு பேர் ரத்தம் கொடுத்தது வேற விசயம், அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், அவங்கள்ட்டச் சொல்லு என்றார் சௌரிராஜன். ஏசுவடியான் தலையாட்டினார். வெள்ளைத்துரையிடம் போய் நாளைக்குச் சாட்சி இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் ஜெபிப்போம் என்பார். அது பரவாயில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை. இவ்வளவு கேட்ட பிறகும் கேட்காமல் விட்டது ஒன்று பாக்கி இருந்தது.

"இன்னும் கோவமாத்தான் இருக்கீங்களாண்ணே?"

"ஆமா" என்றார் சௌரிராஜன். "தீந்துச்சுன்னா நானே வந்து சொல்றேன். வேற ஆள் மூலமா உனக்குத் தெரிய வராது."