ஜோடி சேராத டயர்கள்

என் அக்கா சண்முகவள்ளி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அடிபட்டது மோட்டார் சைக்கிளுக்குத்தான். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பின் சக்கரம் வழுக்க, அக்கா உட்கார்ந்த நிலை மாறாமல் ஓரத்துப் புல்லில் போய் உட்கார்ந்தாள். எழுந்தாள், சேலையைத் தட்டினாள், பின்னால் வந்த வத்தலக்குண்டு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள். சாயங்காலம் கன்னிவாடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். விழுந்து கிடந்த வண்டியையும் அதன் அடியில் கால் மாட்டியிருந்த தன் புருஷனையும் அவள் திரும்பியே பார்க்கவில்லையாம்.

"டயரை மாத்துனா வாரேன். மாத்தாட்டி இங்கனயே கெடக்கேன்" என்று அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட வண்டி அது. டயர்களும் பட்டாளத்தைப் பார்த்தவை. தரையைக் கவ்வுகிற பட்டன் தேய்ந்து, தடவினால் பப்பாளிப் பழம்போல மழமழவென்று இருக்கும்.

மச்சான் குழந்தைவேல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர். டயர் வாங்க வசதியில்லாதவர் அல்ல. ஏமாற்றாத கடைக்காரன்தான் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவர் பூண்டு மூட்டை கட்டும்போது பொடிசை அடியிலும் பெரிசை மேலேயும் வைப்பார். ஆகையால் உலகத்திலுள்ள எல்லா மூட்டைகளும் அப்படியே கட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர் எண்ணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிறரைத் தன்னைவிட மட்டமாக நினைக்காத மனிதர் அவர்.

மச்சான் டயர் பார்க்கிறார் என்று மலையிலிருந்து செய்தி வந்தபடி இருந்தது. வாங்கினார் என்று மட்டும் வரவில்லை. எனக்கு மதுரையில் காலேஜ் லீவு. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, நீ மேல போ. அந்த மனுசன் பழைய டயருக்கே கறுப்பைப் பூசிட்டு வந்து நிப்பாரு. புதுசு மாட்டுறதை நீ கண்ணால பாக்கணும்."

"மச்சான் அப்படிச் செய்வாராக்கா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒரு கைக்கடியாரம் கட்டியிருந்தாருல்ல? அது யாரு கடியாரம்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கேன். சொல்ல மாட்டேங்குறாரு."

நான் போனேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மச்சான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சௌக்கியம் விசாரிக்கவில்லை.

"உங்கக்கா வேவு பாக்க அனுப்புனாளா?"

"இல்ல மச்சான், சீசன் பாக்க வந்தேன்."

"ஐப்பசியில என்னய்யா சீசன்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, வந்ததும் நல்லதாப் போச்சு. டயர்ல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கான். கடைக்காரன் வாசிச்சா அவனுக்குத் தோதாத்தானே வாசிப்பான். நீ வாசி."

இவ்வாறு ஒரே நாளில் இரண்டு தரப்பின் நம்பிக்கைக்கும் பாத்திரமானேன்.

கடை நாயுடுபுரத்தில் இருந்தது. தகரக் கொட்டகை. சொந்தக்காரர் செல்லப்பாண்டி. மிஷன் துரைமார் வண்டிகளையே பார்த்துப் பார்த்து அவர் பேச்சில் பாதி இங்கிலீஷ் ஆகியிருந்தது. மச்சானைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார். மச்சான் அங்கே போவது முதல் தடவை அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

"வாங்க பூண்டுக்காரரே. இன்னைக்கு வாங்குறீங்களா, இல்ல மோந்து பாத்துட்டுப் போறீங்களா?"

"மோந்து பாத்துட்டுத்தான் வாங்குறது. எது ரொம்ப நாள் உழைக்கும், எது விலை கொறச்சல், அதைச் சொல்லு."

"ஒட்டு டயர் சீப்பு சார். தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டுனது. பாதி விலைக்கு வரும். ஆனா அது சமவெளிக்குத்தான் ஓகே. நம்ம மலையில, காட் ரோட்டுல பிரேக் புடிச்சு எறங்கயில ஹீட் ஏறி, ஒட்டுன பட்டை உரிஞ்சு வந்துரும். நியூ டயர் போடுங்க. இன்னைக்கு விலை கூட, ஆனா மூணு ஒட்டு டயர் உழைப்பை அது ஒண்ணே உழைச்சிரும்."

மச்சான் என் காதுக்குள் சொன்னார்: "பாத்தியா மாப்ளே, விலை கூடுனதை எப்படித் தள்ளி விடுறான்!" பிறகு உரக்க, "எனக்கு ஒட்டு டயரே போதும்" என்றார்.

"சரி சார், எடுத்துக்கங்க."

மச்சானுடைய முகம் மாறிவிட்டது. "என்ன, கேட்டதும் சரிங்குறான்? அதுல என்ன வெனையோ? ஏய்யா, புதுசையே காட்டு."

புது டயர்கள் காகிதப் பட்டை சுற்றி வந்தன. மச்சான் பட்டையைக் கிழித்து முகர்ந்தார். பூண்டுப் பல்லைக் கிள்ளுவதுபோல நகத்தால் கிள்ளினார். எச்சில் தொட்டுத் தடவி, தலைத்துண்டை அவிழ்த்து அழுந்தத் துடைத்தார். துண்டு கறுத்தது.

"பூசியிருக்கான்!"

"சார், ரப்பரே பிளாக்குதான் சார்."

"அதை எப்படி நம்புறது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் காலேஜில் தத்துவம் நடத்துகிறவரிடமும் பதில் இருக்குமென்று தோன்றவில்லை.

என்னை வாசிக்கச் சொன்னார்கள். குனிந்து பார்த்தேன். மூன்று புள்ளி இருபத்தைந்து, ஒரு சின்னக் கோடு, பத்தொன்பது.

"பத்தொம்பதுன்னா என்ன?"

நான் படிப்பது பொருளாதாரம். "சக்கரத்தோட அளவா இருக்கும் மச்சான்."

"இருக்கும்னா? வருசமா இருந்துச்சுன்னா? பத்தொம்பதாம் வருசத்து டயரைப் புதுசுன்னு விக்கிறானோ?"

"அளவுதான் சார். போய் உங்க வண்டி டயரையே பாருங்க, அதேதான் போட்டிருக்கும்" என்றார் செல்லப்பாண்டி.

மச்சான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமா, அதுலயும் பத்தொம்பதுதான். அப்ப ரெண்டும் ஒரே வருசம்."

எப்படியோ பேச்சு படிந்து, வாங்குவது என்று ஆயிற்று. அப்போதுதான் மச்சான் இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒன்றில் உழவுசால்போல நீளக் கோடுகள். இன்னொன்றில் கட்டம் கட்டமாகப் பட்டன்.

"ஏய்யா, ஜோடி சேரலையே!"

"இது பிரண்ட், அது பேக் சார். முன்னாடி கோடு, வண்டி திருப்புறதுக்கு. பின்னாடி கட்டம், தரையைக் கவ்வித் தள்ளுறதுக்கு."

"மாப்ளே, மயிலைக் காளையையும் செவலைக் காளையையும் ஒரு நுகத்துல பூட்டிக் குடுக்குறான்யா. எங்கயோ மிஞ்சுனது ஒண்ணு, விக்காமக் கெடந்தது ஒண்ணு. ரெண்டையும் என் தலையில கட்டுறான்."

மச்சான் குடும்பத்தில் மாடு பிடிப்பது அப்படி. நிறம், உயரம், கொம்பு எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான் கயிற்றை வாங்குவார்கள். இல்லையென்றால் ஒன்று இழுக்கும், மற்றது படுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். சக்கரத்துக்கும் அதுவே சட்டம் என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே எழவில்லை. நான் பார்த்தவரையில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அது.

செல்லப்பாண்டி அவரை வெளியே கூட்டிப்போய், பழுதுபார்க்க வந்திருந்த ஒரு பாதிரியாரின் வண்டியைக் காட்டினார். முன்னால் கோடு, பின்னால் கட்டம். மச்சான் அதை வெகுநேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"பாவம். கோயில் மனுசனையுமா ஏமாத்துனே?"

உள்ளே திரும்பிய மச்சான் இரண்டும் கோடு போட்டதே வேண்டும் என்றார்.

"சார், சொன்னாக் கேளுங்க. பின்னாடி கோடு போட்டா ஈர மண்ணுல சும்மா சுத்தும். வண்டி வாலை ஆட்டும்."

"கட்டம் போட்டது விலை கூட. அதுக்குத்தானே இந்தப் பாடு படுறே?"

"தம்பி, படிக்கிற பிள்ளை, நீங்களாவது சொல்லப்படாதா?" என்று செல்லப்பாண்டி என் பக்கம் திரும்பினார். நான் தகரக் கூரையை ஆராய்ந்தேன். புது டயர் மாட்டுவதைப் பார்க்கத்தான் அக்கா அனுப்பியிருந்தாள். எந்தப் பட்டன் என்று உத்தரவில் இல்லை.

முன் சக்கரம் மாட்டி முடிந்ததும் மச்சான் டீ குடிக்கக் கூப்பிட்டார். மாட்டாத டயரைத் தோளில் மாட்டிக்கொண்டே டீக்கடைக்கு வந்தார். இல்லையென்றால் மாற்றிவிடுவார்களாம். எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளனே இறங்கினோம். வெயில் அடித்து, தார் ரோடு காய்ந்து கிடந்தது. வண்டி வழுக்காமல் வந்தது. "பாத்தியா மாப்ளே? ஜோடி சேந்தா எப்படி இழுக்குது பாரு!" என்று மச்சான் ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பிச் சொன்னார். அப்படிச் சொல்லாத இடங்களில் எனக்குப் பயம் குறைவாக இருந்தது.

கன்னிவாடியில் அக்கா வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். உட்கார்ந்து பின் டயரை முகர்ந்தாள். நகத்தால் கிள்ளினாள். எச்சில் தொட்டு முந்தானையால் துடைத்தாள். முந்தானை கறுத்தது.

"பூசியிருக்காரு."

"இல்லக்கா, ரப்பரே கறுப்பு. புதுசு மாட்டுறதை நான் கண்ணால பாத்தேன்."

"உனக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு?"

"டீயும் பன்னும்."

"அதானே பாத்தேன்" என்று எழுந்து மச்சான் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, என் எடைக்கு ஒரு மூட்டையைப் பின்னாடி கட்டி வாய்க்கா மேட்டுல ஓட்டிக் காட்டுங்க. மூட்டை விழுகாம வந்தா நான் ஏறுறேன்."

எங்கள் அம்மா காளியாயி உள்ளேயிருந்து ஒரு நிலக்கடலை மூட்டையை இழுத்து வந்தாள். "ஏம்மா, நான் என்ன அம்புட்டாவா இருக்கேன்?" என்று அக்கா அதைத் திருப்பி அனுப்பினாள். சின்ன மூட்டை வந்தது. "இது ரொம்பக் கொறச்சல்டி" என்றாள் அம்மா. இந்த விவாதத்தில் மட்டும் மச்சான் கருத்துச் சொல்லவில்லை.

தெரு கூடிவிட்டது. முந்தின வாரம் பெய்த மழையில் வாய்க்கால் மேடு குழைந்து கிடந்தது. மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். கொஞ்ச தூரம் வண்டி போயிற்று. பிறகு சத்தம் மட்டும் போயிற்று. பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, பின்னால் நின்றவர்கள் மேலெல்லாம் சேற்றை வாரி இறைத்தது. வண்டி வாலை இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. கயிறு அறுந்து மூட்டை தண்ணீருக்குள் தொப்பென்று விழுந்தது.

மச்சான் வண்டியிலிருந்து சேற்றில் இறங்கினார்.

"அந்த மூட்டைதான் நானு" என்று அக்கா கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. கடைக்காரர் பின்னால் கட்டம்தான் போடச் சொன்னார் என்பதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். மச்சான் சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்த பார்வையில் டீயும் பன்னும் தெரிந்தன.

"அப்ப டயரை நானே வந்து எடுக்குறேன்" என்றாள் அக்கா. "நான் பஸ்ஸுல வாரேன். நீங்க வண்டியில பின்னாடி வாங்க."

மறுநாள் காலை வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. அக்கா ஒரு காலைப் படியில் வைத்தாள். மச்சான் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். நகத்தை வைத்தார். நகம் எங்கேயும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஏ வள்ளி! காலை எடு, காலை எடு! இங்க வந்து பாரு!"

அக்கா வந்து பார்த்தாள். சுற்றிப் போய் மற்றச் சக்கரங்களையும் பார்த்தாள். எல்லாம் மொட்டை.

"யோவ், ஏறுறதுன்னா ஏறு. பஸ்ஸை வெலைக்கா கேக்குறே?" என்று கண்டக்டர் கத்தினார். ஆனால் அதற்குள் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் இறங்கினார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு சக்கரத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் டிரைவரும் இறங்கி வந்து குனிந்தார்.

"இம்புட்டு நாளும் நிம்மதியா ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் மச்சானிடம், மிகுந்த வருத்தத்துடன். "ஏன்யா காட்டுனே?"

அக்கா பஸ்ஸைப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். அண்ணாந்து மலைப் பக்கம் பார்த்தாள். மேகம் இல்லை.

"ஏலே, கடைக்காரரு தார் ரோட்டைப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஈர மண்ணுலதான் சுத்தும்னாரு. தார் ரோட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சரி. ஈரம் வந்தா நான் எறங்கி நடப்பேன்" என்று மச்சானிடம் சொன்னாள். "நேரா நாயுடுபுரம் போறோம். பின்னாடி கட்டம் போட்டதை மாட்டுறோம். அங்க நீங்க வாயைத் தெறக்கப்படாது."

"அந்தக் கடைக்காரனையா நம்பப் போறே?"

"யாரையும் நம்பல. உங்களை நம்பாம இருக்கப் போறேன், அம்புட்டுத்தான். வெரசா எடுங்க வண்டியை."

மச்சான் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அக்கா ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தார் ரோட்டில் வண்டி நேராகவே போயிற்று. கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்தார். பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. எல்லாரும் மோட்டார் சைக்கிள் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்களைப் பார்த்துக் கையாட்டவில்லை, முன்னாலும் பார்க்கவில்லை. ரோடு திரும்பி மறையும்வரை, கழுத்தை வளைத்துப் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.