வெளியில் இருக்கும் வயிறு

படிவத்தில் பொய் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். எழுதிய பொய்யை நான்தான் ஃபைலில் கோத்து வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

மண் பரிசோதனை நிலையத்தில் அப்போது எனக்கு நான்காவது வருடம். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் கொடியும் கூச்சலுமாக இருந்த சமயம். கீழ்வேளூருக்குக் கிழக்கே மூன்று மா நிலத்தில் மண் எடுக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. பயிரிடுபவர்: வைத்தியலிங்கம். 'அறுவடைக்குப் பின் நெல்லின் அடித்தாள் என்ன ஆனது?' என்ற கட்டத்தில், 'மூன்று வருடமும் அடியோடு அறுத்து மாட்டுக்கு எடுக்கப்பட்டது' என்று முத்து முத்தான எழுத்து.

போனால், வயலில் நின்றவர் தங்கையன். ஐம்பது வயதிருக்கும். மூன்று வருடமாக அந்த நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அவர்தான் உழுகிறாராம். இப்போது நிலக்காரர் வைத்தியலிங்கம், 'இவன் யாரென்றே தெரியாது, நானே பயிர் வைக்கிறேன்' என்கிறாராம். வருகிற புதன்கிழமை தாசில்தார் விசாரணை. தங்கையனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவர் அந்த வயலில் கால் வைக்க முடியாது.

"நான் மண்ணு எடுக்க வந்தவ. உங்க வழக்கு எனக்கு வேண்டாம்" என்றேன். கடுப்பாகத்தான் சொன்னேன்.

கோடை மழையில் உழுது போட்டிருந்த வயல். மண்வெட்டி இறங்கியதும் கட்டியோடு தாளாக வந்தது. சிலது மஞ்சளாக, சிலது நனைந்த காகிதம் மாதிரி பழுப்பாக, சிலது வெறும் கறுப்பு நாராக.

"என்ன இவ்வளவு தாளு?"

"எனக்கு மாடு ஏதுங்க? உழவே வாடகை மாடுதான். வைக்கோல வச்சு என்ன பண்றது? முழங்கால் ஒசரத்துல அறுத்துட்டு மிச்சத்த உழுது மண்ணுலயே மிதிச்சுடுவேன். வருஷா வருஷம் அப்படித்தான்."

பழுப்புத் தாளின் மேல் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. அது என்னவென்று கேட்டார்.

"பூஞ்சைக்காளான். அதுக்கு வாயும் கெடையாது, வயிறும் கெடையாது. நொதின்னு ஒரு சாறை வெளியில கசிய விடும். அது தாளைக் கரைக்கும். கரைஞ்சத அப்புறம் உறிஞ்சிக்கும்."

"அப்ப வயித்த வெளியில வச்சிருக்குன்னு சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தார். "வெளியில கரைச்சா, பக்கத்துல இருக்கறவன் குடிச்சிட மாட்டானா?"

"குடிப்பான். பாதி அப்படித்தான் போவும்."

"பாவம்" என்றார்.

புதன்கிழமை சாவடியில் வைத்தியலிங்கம் என் மண் பரிசோதனை அட்டையை மேசையில் எடுத்து வைத்தார். "சர்க்கார் சீட்டுங்க. பயிரிடுறவர்னு எம் பேரு இருக்கு பாருங்க." மண் சோதனை எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

"இது நீங்க குடுத்ததாம்மா?" என்றார் தாசில்தார்.

"ஆமா சார். பேரு அவர் எழுதினது, அதை நான் விசாரிக்கல. மண்ணத்தான் விசாரிச்சேன்." அந்த வயலில் எடுத்த தாளைப் போட்டுக் கொண்டுபோன கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தேன்.

வைத்தியலிங்கம் சிரித்தார். "இந்தாம்மா, தாளுல யாரு பேராச்சும் எழுதியிருக்கா?"

"இல்லைங்க. எந்த வருஷத்துத் தாளுன்னுகூட அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா எல்லாம் ஒரே வருஷத்துது இல்ல. பூஞ்சையோட சாறு நாரு வரைக்கும் கரைக்க நாளாவும். வருஷா வருஷம் யாரோ தாளை மண்ணுல விட்டு உழுதிருக்காங்க."

தாசில்தார் படிவத்தைப் பிரித்தார். "அடியோட அறுத்து எடுத்ததா எழுதியிருக்கீங்களே?"

"பின்னே? எட்டு ஜோடி மாடு கட்டியிருக்கேங்க. நான் அறுத்த வயல்ல ஒரு தாளு மிஞ்சாது!"

சொன்ன பிறகுதான் அவர் கண் மறுபடியும் குப்பிகள் மேல் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையெழுத்தாலும் சேர்த்துக் கெட்டார். தங்கையன் பெயர் ஏறியது. எனக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். தங்கையன் வயலில் நாற்று பச்சை பிடித்திருந்தது. தாள் ஊறிய தண்ணீர், டீ நிறத்தில், மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் வைத்தியலிங்கத்தின் வயல்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கள யாருன்னே தெரியாதுன்னாரு. மடைய அடைச்சா என்ன?"

"அடைச்சா என் நாத்துல்ல அழுகிப் போவும்?" என்று சிரித்தபடி, மடையில் தேங்கிய சேற்றைக் காலால் தள்ளிவிட்டார். "மூணு வருஷமா போய்க்கிட்டுத்தாங்க இருக்கு. அந்த வயலு நல்லா வெளைஞ்சதெல்லாம் தன் சாமர்த்தியம்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு."