வலதுகால் கட்டைவிரல்

அங்கமுத்து பழைய வேட்டியைப் பல்லால் கடித்து ஒரு கீற்றுத் துணி கிழித்துக்கொண்டிருந்தான். பிணத்தின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பங்காளிகள் வந்து சேர்வதற்குள் கட்டாவிட்டால் அதை வைத்தே மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

“சித்த இரு தம்பி” என்றாள் அவன் அக்கா தெய்வநாயகி.

“இன்னும் என்னத்துக்குக்கா? வெறைச்சுப்போனா அப்புறம் சேராது.”

“இருன்னா இரு.”

காரணத்தைச் சொன்னால் முப்பது வருஷ ரகசியம் போய்விடும்.

செத்துக் கிடந்தவர் அவள் புருஷன் சென்னிமலை. திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சந்தைகளுக்கெல்லாம் மாட்டுத் தரகர். சந்தை இல்லாத நாளில் மூணு சீட்டு. அதில் அவரை ஜெயித்தவன் இல்லை. நல்ல சீட்டு எந்த மடையனுக்கும் வரும். கெட்ட சீட்டை வைத்துக்கொண்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவினவனைப்போல உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். எதிராளி எச்சில் விழுங்குவதைக் கவனிக்க வேண்டும். தோற்கிற ஆட்டமென்றால் கோபமில்லாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை போட வேண்டும். பல் விழுந்த காளையை இளங்காளை என்று விற்கவும் இதே குணங்கள்தாம் வேண்டும் என்பதால் சென்னிமலைக்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை போலீஸ் வந்து மிரட்டிய பிறகு காசை விட்டுவிட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். காசு வைத்தால் குற்றம், கொட்டை வைத்தால் பொழுதுபோக்கு. ஆடுகிறவர்களின் முகத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

ஊரை ஜெயித்தவர் வீட்டில் தோற்றார். கல்யாணமான புதிதில் தெய்வநாயகி கிண்டிய களியைத் தின்றுவிட்டு, “அமிர்தமாட்ட இருக்குது புள்ள” என்றார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. ஆனால் வலதுகால் கட்டைவிரல் உள்ளே மடங்கிற்று. அவளும் ஒரு வாய் தின்று பார்த்தாள். அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு மத்தியானங்களில் இருவரும் சீட்டாடினால் அவள் அவருடைய கண்ணைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்ப்பாள். ஜெயித்த கொட்டைகள் ஒரு பித்தளைச் சொம்பு நிறைய இருந்தன. விஷயத்தைப் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

இன்றைக்குக் காலையிலும் அவள் அந்த விரலைத்தான் பார்த்தாள். மூன்று நாளாக அவருக்கு நெஞ்சுவலி. இரண்டு நாளாக அவள் பச்சைத்தண்ணியைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை.

“இப்ப வலிக்குதுங்களா?”

“துளி இல்ல. எருமையக் கறந்துட்டு, வயித்துக்கு ஏதாச்சும் தின்னுபோட்டு மெதுவா வா. உன்ற மூஞ்சியப் பாத்தா நாந்தான் உனக்கு வைத்தியம் பாக்கோணுமாட்ட இருக்குது.”

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் அசையவே இல்லை. தெய்வநாயகி நிம்மதியாகப் போனாள். எருமையைக் கறந்தாள். களியைக் கீரையோடு பிசைந்து மூன்று உருண்டை தின்றாள். பசி அப்படி. திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

தின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் வலியில் துடித்தாரோ என்ற கேள்வி அப்போதிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இல்லை, விரல் அசையவில்லை என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். இருக்கிற ஒரே சாட்சி அந்த விரல். அதைக் கட்டவிட மனம் வரவில்லை.

கெங்கவல்லியிலிருந்து மகள் வர வேண்டும். கரி வாயுவில் ஓடுகிற பஸ் மனசு வைத்தால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள். அதற்கு முன்னால் தோல்மண்டி கரீம் பாஷா வந்தார். மாடு உயிரோடு இருக்கும்வரை சென்னிமலையின் சரக்கு, அதற்கப்புறம் பாஷாவின் சரக்கு. இப்படித்தான் சிநேகம். சீட்டிலும் இருபத்தஞ்சு வருஷ எதிராளி. வந்தவர் பிணத்துக்கு எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தார்.

“இப்பவும் பாருங்க அம்மிணி, கையில என்ன சீட்டு வெச்சிருக்கான்னு தெரியல” என்றார். “கண்ணப் பாத்தேன், காதப் பாத்தேன், களுத்து நரம்பப் பாத்தேன். ஒரு நாளும் புடிபடலீங்க.”

தெய்வநாயகிக்கு அந்தத் துக்கத்திலும் கொஞ்சம் கர்வம் வந்தது. இனி யாருக்கு நஷ்டம்?

“காலப் பாத்திருக்கோணும் பாயி. பொய் சொன்னா வலதுகாலு கட்டவெரலு மடங்கும்.”

பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எந்தக் காலு? மாடு ஒதச்சு முட்டி மடங்காமப் போச்சே, அந்தக் காலா?”

“ஆமாங்க.”

“அம்மிணி, அந்தக் கால இருபத்தஞ்சு வருசமா எம்பட மூஞ்சிக்கு நேராத்தான் நீட்டிக்கிட்டு உக்காருவான். வெறுஞ்சீட்ட வெச்சுக்கிட்டு எத்தனை தடவை என்னையத் தொரத்தியிருக்கான்! அந்த வெரலு ஒருக்காகூட அசஞ்சதில்ல. அவன் அசையச் சொன்னாத்தான் அதுவே அசையும்.”

தெய்வநாயகி மாடத்திலிருந்த பித்தளைச் சொம்பைப் பார்த்தாள். அதில் ஒரு கொட்டைகூட அவள் ஜெயித்ததில்லை. அத்தனையும் அவர் கொடுத்தது. அப்படியென்றால் காலையில் விரல் சும்மா கிடந்தது, அவர் அதைச் சும்மா கிடக்கச் சொன்னதால். வாசலில் எருமை ஒருமுறை கத்தியது. யாரோ, “அதுக்குத் தண்ணி காட்டுங்க” என்றார்கள்.

“இப்பவாச்சும் கட்டலாமாக்கா?” என்று அங்கமுத்து துணியோடு வந்தான்.

“கொண்டா. நானே கட்டறேன்.”

காலடியில் உட்கார்ந்தாள். வலது கட்டைவிரலைத் தன் விரலால் மெல்ல உள்ளே மடக்கிப் பார்த்தாள். அது மடங்க மறுத்தது. இன்னொரு முறை மடக்கினாள். பிறகு விட்டுவிட்டு, இரண்டு விரல்களையும் சேர்த்து, இறுக்காமல் ஒரு முடிச்சுப் போட்டாள். எழுந்துபோய்ச் சொம்பிலிருந்து ஒரு புளியங்கொட்டை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். அந்த வீட்டில் தோற்றவர் ஒரு கொட்டை தர வேண்டும்.

“என்னக்கா அது?” என்றான் அங்கமுத்து.

“ஒண்ணுமில்ல சாமி.”

முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அங்கமுத்து நம்பிவிட்டான். கரீம் பாஷா மட்டும் குனிந்து அவள் காலைப் பார்த்தார். சாணம் மெழுகிய தரையில் அவளுடைய வலதுகால் கட்டைவிரல் மடங்கி, மண்ணைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. பாஷா சட்டென்று தலையைத் தூக்கி, விட்டத்தில் மாடு ஏதோ விலைக்கு நிற்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.